பெட்டிமேல் எழுதும் விலை

வெளிநாட்டுக்குப் போகும் ஒவ்வொரு பார்சலோடும் ஒரு சுங்க அறிவிப்புத் தாள் போகிறது. அஞ்சலில் அனுப்பினால் அதற்கு சிஎன் 22 அல்லது சிஎன் 23 என்று பெயர். கூரியரில் அனுப்பினால் இன்வாய்ஸும் கூரியர் ஷிப்பிங் பில்லும் அந்த வேலையைச் செய்கின்றன. எந்தத் தாளானாலும் அதில் 'மதிப்பு' என்றொரு கட்டம் இருக்கும். வாங்கியவர் அந்தப் பொருளுக்கு உண்மையில் எவ்வளவு கொடுத்தாரோ, அந்தத் தொகையை அதில் எழுத வேண்டும். விதி அவ்வளவுதான். இந்த ஒரு கட்டத்துக்காகத் தனி அத்தியாயம் ஒதுக்கியதற்குக் காரணம், ஆன்லைனில் விற்கத் தொடங்கும் நம் ஊர்க் கடைக்காரர்கள் பலர் பேக்கிங்கை அத்தனை கவனமாகச் செய்துவிட்டு, இந்தக் கட்டத்தை மட்டும் வேறு யாரோ நிரப்ப விட்டுவிடுவதுதான்.

திருச்சி காந்தி மார்க்கெட்டையும் அதைச் சுற்றியுள்ள தெருக்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய கடை வீதியின் பித்தளைக் குத்துவிளக்கு, கல்சட்டி, இரும்புத் தோசைக்கல், மளிகைக் கடைகளின் அப்பளமும் வடகமும், ஸ்ரீரங்கத்து வீதிகளின் பூஜைச் சாமான், நவராத்திரிக்கு முன்னால் கொலு பொம்மைகள் என்று சிங்கப்பூரிலும் டொரண்டோவிலும் லண்டனிலும் ஆள் காத்திருக்கும் சரக்கு இங்கே நிறைய உண்டு. ஒரு கைப்பேசியும் நாலு நல்ல படங்களும் இருந்தால் விற்பனை தொடங்கிவிடுகிறது. மூன்றாவது நான்காவது ஆர்டரிலேயே இப்படி ஒரு செய்தி வரும்:

"அண்ணா, போன தடவை விளக்கு வாங்கினப்ப இங்க டியூட்டி, டேக்ஸ்னு நிறைய புடிச்சுட்டாங்க. இந்தத் தடவை கிஃப்ட்னு போட்டு ஆயிரம் ரூபான்னு எழுதிடுங்களேன். ப்ளீஸ்ணா."

கேட்பவர் நல்லவர்தான். கேட்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவருக்குத் தெரியாது. நம் ஆளுக்கும் வாடிக்கையாளரை இழக்க மனமில்லை. கூரியர் ஏஜென்டிடம் சொன்னால் அவர் இன்னும் எளிதாக்கிவிடுகிறார்: "ஆயிரம் என்னண்ணே, எண்ணூறுன்னே போட்டுடறேன். ஒரு கேள்வியும் வராது."

கேள்வி வந்தால் யாரிடம் வரும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஒரு விளக்கின் கணக்கு

விளக்கின் விலை 8,500 ரூபாய், கூரியர் கட்டணம் 4,200 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். வாங்குபவர் மொத்தம் 12,700 ரூபாய் செலுத்தியிருக்கிறார். பார்சல் டொரண்டோ போகிறது. பொதுவாகக் கனடாவில் 20 கனடா டாலருக்குள் மதிப்புள்ள பொருளுக்கு வரி இல்லை. அதனால்தான் ஆயிரம் ரூபாய் என்று எழுதச் சொல்கிறார். அது 20 டாலருக்குள் அடங்கிவிடும். உண்மை விலையை எழுதினால் ஒன்டாரியோவில் 13 சதவீத விற்பனை வரி, அதாவது சுமார் 1,100 ரூபாய் வரும். தீர்வையும் கையாளல் கட்டணமும் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். வாடிக்கையாளருக்கு மிச்சமாவது இவ்வளவுதான்.

இனி உங்கள் பக்கம். வழியில் பெட்டி தொலைந்துபோகலாம், விளக்கின் அன்னப்பட்சி உடைந்துபோகலாம். அஞ்சல் துறையானாலும் கூரியரானாலும் இழப்பீடு கேட்டால் முதலில் பார்ப்பது நீங்கள் அறிவித்த மதிப்பைத்தான். ஆயிரம் என்று எழுதியவருக்கு ஆயிரத்துக்கு மேல் கிடைக்காது. காப்பீடு எடுத்திருந்தாலும் இதே கதிதான்: சுங்கத்துக்கு ஆயிரம், காப்பீட்டுக்கு 8,500 என்று ஒரே பெட்டிக்கு இரண்டு விலை சொன்னால், அந்த முரணே கோரிக்கையை நிராகரிக்கப் போதுமான காரணம். வாடிக்கையாளர் பொருள் வரவில்லை என்று விற்பனைத் தளத்தில் புகார் கொடுப்பார். தளம் அவருக்கு 12,700 ரூபாயையும் திருப்பிக் கொடுத்துவிட்டு உங்கள் கணக்கில் கழித்துக்கொள்ளும். கிஃப்ட் என்று போடச் சொன்னதே அவர்தான் என்று அங்கே முறையிட்டால் அது உங்களுக்கு எதிரான வாக்குமூலமாகிவிடும். ஈபே, எட்சி போன்ற தளங்களின் விதிகளில் பொய்யான சுங்க அறிவிப்பு வெளிப்படையாகத் தடை செய்யப்பட்டிருக்கிறது. கடையையே மூடிவிடவும் அவர்களால் முடியும்.

ஆயிரத்துச் சொச்சம் மிஞ்சுவது வாங்குபவருக்கு. 12,700 ரூபாயும் கடையின் பெயரும் பணயம் விற்பவருக்கு. மதிப்பைக் குறைத்து எழுதுவதன் முழுக் கணக்கும் இதுதான். அந்தத் தாளில் கையெழுத்து அனுப்புநருடையது என்பதால் இந்தப் பங்கீடு எந்த நாட்டுக்கு அனுப்பினாலும் மாறாது.

சுங்க அதிகாரி எப்படிக் கண்டுபிடிக்கிறார்

பெட்டியைத் திறக்காமலேயே பல நேரம் தெரிந்துவிடும். எட்டு கிலோ பித்தளைக்கு ஆயிரம் ரூபாய் என்றால் பழைய பித்தளை விலைக்குக்கூட அது கட்டாது. அனுப்புநர் பெயர் ஒரு கடையின் பெயராக இருக்கும். அதே பெயரைத் தேடுபொறியில் போட்டால் அதே விளக்கு, அதே படத்தோடு, விலைப்பட்டியலோடு திரையில் வந்து நிற்கும். சந்தேகம் வந்தால் பெட்டியை நிறுத்திவைத்து, பணம் செலுத்திய சான்றை வாங்கியவரிடம் கேட்பார்கள். கார்டு ரசீதில் உண்மைத் தொகை இருக்கிறது. அதன்பின் தாமதம், அபராதம், பறிமுதல், திருப்பி அனுப்புதல் என்று எதுவும் நடக்கலாம்.

திரும்பி வருவதிலும் ஒரு சிக்கல் உண்டு. இதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஏற்றுமதியான பொருள் திரும்பி வந்தால் அதை வரியில்லாமல் மீட்க இந்தியச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் போன பொருள்தான் திரும்பி வந்திருக்கிறது என்பதற்கு ஏற்றுமதி ஆவணம் தான் ஆதாரம். 'அன்பளிப்பு, 800 ரூபாய்' என்று போன தாளைக் காட்டி 8,500 ரூபாய் விளக்கை எப்படி மீட்பது? உங்கள் சொந்தச் சரக்குக்கே இறக்குமதி வரி கட்டும் நிலை வரும்.

நம் நாட்டிலேயே இருக்கும் ஆபத்து

'பித்தளை விளக்குக்கு ஏற்றுமதி வரியே கிடையாது. மதிப்பைக் குறைத்து எழுதினால் நம் அரசாங்கத்துக்கு என்ன நஷ்டம்?' என்று கடைத்தெருவில் கேட்பார்கள். நியாயமான கேள்விபோலத் தோன்றும். ஆனால் இந்தியச் சட்டம் இதை வரிக் கணக்காக மட்டும் பார்ப்பதில்லை. ஏற்றுமதி என்றால் அதற்கு ஈடான அந்நியச் செலாவணி நாட்டுக்குள் வந்து சேர வேண்டும்.

1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், ஃபெமா என்று சொல்வோமே, அதன் 7ஆம் பிரிவு ஏற்றுமதியாளர் முழு மதிப்பையும் உண்மையாக அறிவிக்க வேண்டும் என்கிறது. மீறினால் 13ஆம் பிரிவின்படி சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம். 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம் இன்னும் கடுமையானது. அறிவித்த மதிப்போடு பொருந்தாத ஏற்றுமதிப் பொருளை 113ஆம் பிரிவின் கீழ்ப் பறிமுதல் செய்யலாம். தெரிந்தே பொய்யான அறிவிப்பில் கையெழுத்திட்டால் 114ஏஏ பிரிவின் கீழ்ப் பொருள் மதிப்பைப் போல ஐந்து மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். 132ஆம் பிரிவில் சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. ஒரு விளக்குக்காக யாரும் சிறைக்குப் போவதில்லை என்று சொல்லலாம். ஆனால் ஒரு விளக்கோடு யாரும் நிறுத்துவதில்லை. ஓராண்டில் போன எல்லாப் பெட்டிகளும் ஒரே பட்டியலில் வந்து நிற்கும்போது அது கவனக்குறைவாகத் தெரியாது, பழக்கமாகத் தெரியும்.

பட்டியல் எங்கே இருக்கிறது என்றால், வங்கியில். ஷிப்பிங் பில்லில் எழுதிய மதிப்பு ரிசர்வ் வங்கியின் ஏற்றுமதிக் கண்காணிப்பு முறைக்குள், அதாவது ஈடிபிஎம்எஸ் என்று வங்கியில் சொல்வதற்குள் போய்ச் சேர்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தை வங்கி அந்தப் பில்லோடு பொருத்துகிறது. பில்லில் 1,000, பணம் 12,700 என்றால் மீதி எதற்கு வந்தது என்று கேட்பார்கள். அன்பளிப்பு என்று போட்டு அனுப்பியிருந்தால் நிலைமை இன்னும் மோசம்: பணம் மட்டும் வந்திருக்கிறது, அதற்குரிய ஏற்றுமதியே ஏட்டில் இல்லை. 10 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பில்களை ஏற்றுமதியாளரின் சொந்த அறிவிப்பின் பேரிலேயே முடித்துக்கொள்ள ரிசர்வ் வங்கி 2025 அக்டோபரில் வழி செய்தது. சிறு வணிகருக்கு இது பெரிய உதவி. அந்த அறிவிப்பிலும் கையெழுத்து உங்களுடையதே என்பதை மறந்துவிடக் கூடாது.

ஜிஎஸ்டி பக்கமும் நஷ்டம்தான். ஏற்றுமதிக்கு வரி கிடையாது. எல்யூடி எனும் உறுதிமொழிக் கடிதம் கொடுத்துவிட்டு வரி இல்லாமல் அனுப்பலாம், கொள்முதலில் கட்டிய வரியைத் திரும்பக் கேட்கலாம். அப்படிக் கேட்கும்போது ஜிஎஸ்டி இன்வாய்ஸில் ஒரு மதிப்பும் ஷிப்பிங் பில்லில் வேறு மதிப்பும் இருந்தால், இரண்டில் குறைந்ததைத்தான் எடுத்துக்கொள்வார்கள். எண்ணூறு என்று எழுதியவருக்கு எண்ணூறு ரூபாய் ஏற்றுமதிக்கான ரீஃபண்டுதான். அன்பளிப்பு என்று போனதற்கு அதுவும் இல்லை.

இன்னொன்று: கூரியர் ஷிப்பிங் பில்லில் வகைகள் உண்டு. மூன்றாவது ஆவணங்களுக்கு, நான்காவது அன்பளிப்புக்கும் மாதிரிப் பொருளுக்கும், ஐந்தாவது வணிகச் சரக்குக்கு. விற்ற பொருள் ஐந்தாவதில்தான் போக வேண்டும். அதற்கு ஐஇசி எனும் இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீட்டு எண் வேண்டும். டிஜிஎஃப்டி இணையதளத்தில் 500 ரூபாய் கட்டி வாங்கிவிடலாம். ஐஇசி இல்லாதவரின் சரக்கைச் சில ஏஜென்டுகள் நான்காவதில் நுழைத்து அனுப்பிவிடுகிறார்கள். உங்கள் பெட்டியை எந்த வகையில் போட்டார் என்று ஏஜென்டிடம் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் ஏஜென்டை மாற்றுங்கள்.

அன்பளிப்பு எது

கனடாவில் 60 கனடா டாலர், பிரிட்டனில் 39 பவுண்ட், ஐரோப்பிய ஒன்றியத்தில் 45 யூரோ வரை அன்பளிப்புக்குச் சலுகை உண்டு. மூன்று இடத்திலும் அது ஒரு தனிநபர் இன்னொரு தனிநபருக்குப் பணம் வாங்காமல் அனுப்புவதாக இருக்க வேண்டும். உங்கள் அத்தை மகளுக்கு நீங்கள் அனுப்பும் முறுக்கு அன்பளிப்பு. டொரண்டோக்காரர் பணம் கட்டி, "லண்டன்ல இருக்கிற என் தங்கைக்கு அனுப்பிடுங்க" என்று சொன்னால், தங்கைக்கு அது அன்பளிப்பாகவே இருக்கலாம். உங்கள் தாளில் அது விற்பனை. 'பொருள் விற்பனை' என்ற கட்டத்தில்தான் குறியிட வேண்டும்.

உடைந்த பொருளுக்குப் பதிலாக இலவசமாக அனுப்பும் இன்னொன்றுக்கும் 'மதிப்பு இல்லை' என்று எழுதாதீர்கள். அதன் உண்மை மதிப்பை எழுதி, முந்தைய இன்வாய்ஸ் எண்ணைக் காட்டி, பதிலீடு, பணம் பெறவில்லை என்று குறிப்பிடுங்கள். ஒரே ஆர்டரை வரம்புக்குள் அடக்க மூன்று பெட்டியாகப் பிரித்து ஒரே நாளில் அனுப்புவதும் குறைத்து எழுதுவதற்குச் சமம்தான்.

கதவுகள் ஏன் மூடின

இப்படிப் பொய்யாக எழுதியதாலேயே சலுகைகள் போனதற்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து குறிப்பிட்ட மதிப்பு வரையிலான அன்பளிப்பு வரியில்லாமல் வரலாம் என்று ஒரு சலுகை இருந்தது. சீன ஷாப்பிங் செயலிகளில் விற்ற சட்டையும் செருப்பும் அன்பளிப்பு என்ற பெயரில் லட்சக்கணக்கில் வந்து இறங்கின. 2019 டிசம்பரில் மத்திய அரசு உயிர்காக்கும் மருந்தையும் ராக்கியையும் மட்டும் விட்டுவிட்டு அந்தச் சலுகையை நீக்கியது. உண்மையாகவே அண்ணன் தம்பிக்கு அனுப்பியவரும் சேர்ந்து இழந்தார். ஐரோப்பிய ஒன்றியத்தில் 22 யூரோவுக்குள் மதிப்புக் கூட்டு வரி இல்லை என்று இருந்ததும் இதே கதைதான். விலை உயர்ந்த கைப்பேசிகளைக்கூட அந்த வரம்புக்குள் எழுதி அனுப்பினார்கள். 2021 ஜூலை 1 முதல் சலுகை போய்விட்டது.

நமக்கு வலித்தது அமெரிக்கக் கதவு. 800 டாலர் வரை தீர்வையே இல்லாமல் போய்க்கொண்டிருந்த சரக்குக்கு 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் சலுகை நிறுத்தப்பட்டது. போதைப்பொருள் கடத்தலோடு வரி ஏய்ப்பையும் அந்த அரசு காரணமாகச் சொன்னது. வரியை யார் எப்படி வசூலிப்பது என்று தெளிவாகாததால் நம் அஞ்சல் துறை அமெரிக்காவுக்கான பார்சல்களை நிறுத்திவைத்து, அக்டோபர் 15 அன்றுதான் மீண்டும் ஏற்கத் தொடங்கியது. நவராத்திரிக்குப் பொம்மை அனுப்ப வேண்டியவர்களுக்கு அந்தப் பருவமே போயிற்று. மீண்டும் தொடங்கியபோது அறிவித்த மதிப்பில் 50 சதவீதத்தை அனுப்புநரிடமே முன்கூட்டி வாங்கினார்கள். அந்த வீதம் நிலையானதல்ல. அனுப்பும் அன்றைக்குக் கவுன்ட்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த ஏற்பாட்டில் மாறாத ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வரியைக் கட்டுபவரே நீங்கள் என்றான பிறகு, மதிப்பைக் குறைப்பது வாடிக்கையாளருக்குச் செய்யும் உதவியாக இருக்க முடியாது. நேரடியாக நீங்களே செய்யும் வரி ஏய்ப்பு அது. மோசடி என்று தெரிந்தால் பொருளின் உள்நாட்டு மதிப்பு முழுவதையும் அபராதமாக விதிக்க அமெரிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

சிலை அனுப்புகிறவர்களுக்கு

சுவாமிமலை ஐம்பொன் சிலை, பித்தளை விக்கிரகம், தஞ்சாவூர் ஓவியம் விற்பவர்கள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தன் கோயிலின் நடராசர் திருடப்பட்டு, 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்குச் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டு, 2014 செப்டம்பரில் இந்தியாவுக்குத் திரும்பி வந்தார். விற்ற சுபாஷ் கபூர் 2011இல் ஜெர்மனியில் கைதாகி, மறு ஆண்டு இங்கே கொண்டுவரப்பட்டு, திருச்சி மத்திய சிறையில் அடைக்கப்பட்டார். 2022 நவம்பரில் உடையார்பாளையம் கோயில் சிலை வழக்கில் கும்பகோணம் நீதிமன்றம் அவருக்குப் பத்தாண்டு சிறை விதித்தது. அந்தக் கடத்தல் வலை தெய்வத் திருமேனிகளைக் கப்பலேற்றியது புதிய கைவினைப் பொருள் என்று எழுதித்தான்.

அதனால், இந்த வட்டாரத்திலிருந்து போகும் ஒவ்வொரு சிலைப் பெட்டியையும் அதிகாரி இரண்டு முறை பார்ப்பது நியாயமே. போன மாதம் வார்த்த சிலையாகவே இருக்கட்டும். 'கைவினைப் பொருள், 1,500 ரூபாய்' என்று எழுதினால் சந்தேகத்துக்கு நீங்களே விதை போடுகிறீர்கள். உண்மை விலை, உயரம், எடை, வார்த்த ஸ்தபதியின் பில் ஆகியவற்றோடு, தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் பெற்ற சான்றிதழையும் சேர்த்து அனுப்புங்கள்.

நேர்மையாகவே செலவைக் குறைக்கலாம்

பொருளின் விலையையும் அனுப்பும் கட்டணத்தையும் இன்வாய்ஸில் தனித்தனி வரியாகக் காட்டுங்கள். 'ஃப்ரீ ஷிப்பிங்' என்று 12,700 ரூபாயை ஒரே தொகையாகப் போட்டால் முழுவதுக்கும் தீர்வை விழலாம். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா ஆகியவை பொதுவாக அனுப்பும் செலவைச் சேர்க்காமல் பொருள் விலை மீதே தீர்வை கணக்கிடுகின்றன; பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றியம், சிங்கப்பூரில் செலவும் சேரும். தள்ளுபடி கொடுத்திருந்தால், உண்மையாகவே கொடுத்த தள்ளுபடியைக் காட்டுங்கள். அது சட்டப்படி செல்லும்.

பொருள் வகை எண்ணையும் சரியாகப் போடுங்கள். பித்தளைப் பாத்திரம் 7418, சிறு சிலைகளும் அலங்காரப் பொருள்களும் 8306, விளக்கு 9405 என்ற தலைப்புகளில் வரும். தீர்வை ஒவ்வொன்றுக்கும் வேறு. கஸ்டம்ஸ் புரோக்கரிடம் ஒருமுறை கேட்டு உங்கள் சரக்குக்கெல்லாம் ஒரு பட்டியல் எழுதி வைத்துக்கொண்டால் போதும். தின்பண்டம் கலந்த பெட்டியானால் 'ஸ்நாக்ஸ்' என்று மொத்தமாக எழுதாமல் அப்பளம் இத்தனை, வடகம் இத்தனை என்று பிரித்து எழுதுங்கள்.

சிங்கப்பூர் வாடிக்கையாளர்தான் இந்த விஷயத்தில் நமக்குச் சுலபம். அங்கே 400 சிங்கப்பூர் டாலர் வரை அஞ்சலிலோ விமானத்திலோ வரும் பெட்டிக்கு இறக்குமதியின்போது ஜிஎஸ்டி இல்லை. 2023 முதல் பெரிய தளங்கள் விற்கும்போதே வசூலித்துக்கொள்கின்றன. நம் ஊர்ச் சாமான் பெரும்பாலும் அந்த வரம்புக்குள்ளேயே வந்துவிடும். குறைத்து எழுத அங்கே ஒரு தேவையும் கிடையாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, வரி பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கடைப் பக்கத்திலேயே 'உங்கள் நாட்டு இறக்குமதி வரி விலையில் சேராது, அதை நீங்கள் செலுத்த வேண்டும்' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் போடுங்கள். அதன் பிறகும் கேட்பவருக்கு இப்படிப் பதில் அனுப்பலாம்:

"வணக்கம்க்கா. நீங்க கட்டின தொகையைத்தான் கஸ்டம்ஸ் தாள்ல எழுத முடியும். குறைச்சு எழுதினா, வழியில உடைஞ்சாலும் தொலைஞ்சாலும் உங்களுக்கு என்னால முழுப் பணம் வாங்கித் தர முடியாது. பொருள் விலை தனியா, கூரியர் தனியா பில் போட்டு அனுப்பறேன். வரி அதுக்கேத்த மாதிரிதான் வரும்."

பெரும்பாலானவர்கள் இதற்குச் சரி என்பார்கள். ஒத்துக்கொள்ளாதவரின் ஆர்டரை விட்டுவிடுங்கள். அந்த ஒரு விற்பனைக்காகப் பணயம் வைக்கக்கூடிய கடை அல்ல உங்களுடையது.

பெட்டியைக் கூரியர் ஏஜென்டிடம் கொடுத்ததும் கிளம்பிவிடாதீர்கள். அவர் அச்சடித்த தாளை வாங்கி, மதிப்பு, வகை, பொருள் விவரம் மூன்றையும் படித்துப் பாருங்கள். தவறாக இருந்தால் வண்டி ஏறும் முன்பே திருத்தச் சொல்லுங்கள். ஒரு நகலும் இன்வாய்ஸும் பணம் வந்த சான்றும் சேர்த்து ஆர்டர்வாரியாகக் கோப்பில் வையுங்கள். ஜிஎஸ்டி சட்டப்படி அந்தக் கோப்பு, ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் உங்களிடம் இருக்க வேண்டும்.